பதினேழும் பதினெட்டும்

மூன்று பத்தி அட்டவணை.
சிங்களம் நிரம்பியிருந்தது. ஆங்கிலமும்.
நடுவில் தமிழுக்கு இரண்டு வெற்றுப் பெட்டிகள்,
பதினேழாம் இலக்கம், பதினெட்டாம் இலக்கம்.
கால்வாய்க்கரைப் பூங்காவுக்கு வைக்கப்போகும் பலகை.
"வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேணும்" என்றார் லலந்திகா மேடம்.
"ரெண்டும் ஒண்டுதானே கலா. மரநாய் எண்டு போடுங்க."

கலா என்றால் நான்.
அடுத்த மேசைக் கலைவாணியும் கலா.
நான் கலைவதனி. அளவெட்டி.
அவள் அட்டன்.
மார்ச்சில் அவளுடைய ஓவர்டைம் என் கணக்கில் விழுந்தது,
ஏப்ரலில் என் லீவு அவளுக்குக் கழிந்தது.

பதினேழு: உகுடுவா.
கண்ணைச் சுற்றிக் கறுப்பு, கள்ளன் முகமூடி.
நீள வால், வளையம் கிடையாது.
கூரைக்காரன்.
எங்கள் மாடியில் தண்ணீர்த் தாங்கியடியில்
ஜம்புக் கொட்டைகளைக் கழித்துவிட்டுப் போகும்,
மாதம் தவறாத வாடகை போல.

பதினெட்டு: உருலேவா.
லேவுக்கும் லாவுக்கும் நடுவில் ஒரு ஒலி அது.
தமிழில் எழுத்தில்லை.
வாயை அகட்டிப் பார்த்துவிட்டு
லே என்றே விட்டேன்.
முதுகில் கோடு, விலாவில் புள்ளி,
வாலில் வளையங்கள், எட்டோ ஒன்பதோ.
ஏறத் தெரியும், ஏறுவது குறைவு.
பற்றை, வரம்பு, கால்வாய்க்கரை,
தரையோடு தரையாய் ஒரு ஓட்டம்.

தமிழில் ஒன்று நாய்
மற்றது பூனை.
மரநாய் குரைத்து யாரும் கேட்டதில்லை.
புனுகுப்பூனை யாருடைய மடியிலும் சுருண்டதில்லை.
பெயர் வைத்தவர் இருட்டில் பார்த்திருக்கவேண்டும்.
அல்லது அவருக்கும் ஒரு வெள்ளிக்கிழமை இருந்திருக்கும்.

"பதினெட்டுக்குப் புனுகுப்பூனை" என்றேன்.
கலைவாணி பிளேன்டீயை ஆற்றிக்கொண்டே கேட்டாள்:
"புனுகுன்னா சாமிக்குப் பூசுறதுதானே?"
"ஓம். அதிலயிருந்துதான் எடுக்கிறது."
"எப்படி எடுப்பாங்க?"
கூண்டில் அடைத்து, என்றேன். சீண்டிவிட்டு, வழித்து.
அவள் ஒரு மிடறு குடித்தாள்.
"அப்ப அது என்னன்னு பேரு வைக்கல.
அதுகிட்டருந்து நம்ம எதை எடுக்கிறோம்னு வச்சிருக்காங்க."
பிறகு தட்டச்சுக்குத் திரும்பிவிட்டாள்.
எனக்கு அதற்குமேல் அந்தப் பெட்டியில்
விரல் ஓடவில்லை.

அன்றிரவு வெள்ளவத்தை.
கடைசி ரயில் போய் வெகுநேரம்.
கடலின் இரைச்சல் மட்டும் தண்டவாளத்தைத் தாண்டி வந்தது.
திடீரென்று ரம்பை இலை வாசம்.
இரண்டு மணிக்கு யார் பருப்புத் தாளிக்கிறார்கள்?
போன் வெளிச்சத்தோடு மொட்டைமாடிக்குப் போனேன்.
தாங்கியின் விளிம்பில் இரண்டு கண்கள்.
இரண்டு கண்களை வைத்து எதையும் சொல்லமுடியாது,
வாலுக்காகக் காத்திருக்கவேணும்.
அது இறங்கியது, அவசரமில்லாமல்,
கேபிள் வயரில் நடந்து பக்கத்துப் பிளாட்டுக்கு.
வளையம் இல்லை.
"பதினேழு" என்றேன் சத்தமாக.
திரும்பிப் பார்க்கவில்லை.
மரநாய் என்றும் கூப்பிட்டுப் பார்த்தேன்.
வாசம் மட்டும் கொஞ்சநேரம் நின்றது.

வேறு சொல் கிடைக்கவில்லை.
புனுகுப்பூனை என்றே அனுப்பினேன்,
கூண்டோடு சேர்த்து.

பலகை நட்ட அன்று பார்க்கப் போனேன்.
பதினெட்டில் பிழையில்லை.
பதினேழில் மரனாய்.
எந்த ந என்று அச்சகத்தில் யாரும் கேட்கவில்லைப்போல.
பலகைக்குப் பின்னால் ஈரமண்ணில்
சின்னச் சின்னக் காலடிகள்,
பதினெட்டாக இருக்கலாம்,
வாசிக்காமலே கடந்து போயிருந்தது.

அங்கே நின்றபடியே அலுவலகத்துக்கு அடித்தேன்.
"கலா பேசுறன். பலகையில ஒரு பிழை."
"எந்தக் கலா?"
என்ன சொல்ல?
"வளையம் இல்லாத கலா" என்றேன்.
அந்தப் பக்கம் கொஞ்சம் யோசித்தார்கள்.
பிறகு லைனைக் கலைவாணிக்குக் கொடுத்தார்கள்.